கடமையும் அதிகாரமும் ஒரே கையில்: சிங்கப்பூரின் தற்காலிக வெளிநாட்டு ஊழியர் முறையில் முதலாளியின் இடம்

1. முன்னுரை

சிங்கப்பூரில் கட்டுமான நிறுவனம் நடத்தும் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ ஒரு தொழிலாளியை வேலைக்கு எடுக்கிறார் என்றால், வேலையும் கூலியும் தருவதோடு அவருடைய பொறுப்பு முடிவதில்லை. அந்தத் தொழிலாளிக்காக அரசிடம் 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பிணைப் பத்திரம் தர வேண்டும். மாதந்தோறும் லெவி என்னும் தலைவரியைக் கட்ட வேண்டும். தங்க இடம், மருத்துவச் செலவு, காப்புறுதி, கடைசியில் ஊர் திரும்பும் விமானச் சீட்டு எல்லாமே அவர் கணக்கில்தான். இத்தனை சுமையையும் ஏற்றுக்கொள்ளும் முதலாளிக்குச் சட்டம் ஓர் அதிகாரத்தையும் தருகிறது. தொழிலாளியின் வேலை அனுமதியை, அதாவது பெர்மிட்டை, அவர் நினைத்தபோது ரத்து செய்யலாம்.

தற்காலிக வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை தொழிலாளியின் துயரிலிருந்தோ அரசின் குடியேற்றக் கொள்கையிலிருந்தோ தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் முதலாளி, நல்லவராகவோ கெட்டவராகவோ வந்துபோகும் பாத்திரமாகச் சுருங்கிவிடுகிறார். இக்கட்டுரை முதலாளியை மையத்தில் வைத்துப் பார்க்கிறது. அவருடைய குணத்தைவிட, சட்டம் அவரை நிறுத்தியிருக்கும் இடமே இங்கு ஆய்வுப்பொருள். தொழிலாளியைப் பாதுகாக்கும் கடமையையும் அவரை நாட்டைவிட்டு அனுப்பும் அதிகாரத்தையும் ஒரே கையில் ஒப்படைக்கும் ஏற்பாடு, தகராறு எழும் நாளில் செயலற்றுப் போகிறது என்பதே இதன் வாதம். பரிசோதகர்களைக் கூட்டுவதாலும் தண்டனையை உயர்த்துவதாலும் மட்டும் இந்தக் குறை நீங்காது. தொழிலாளி முதலாளியின் சம்மதமின்றி அதே துறையில் வேறு வேலைக்கு மாறக்கூடிய நிலை வேண்டும். அது நேர்மையான முதலாளிகளுக்கும் நன்மை தரும்.

2. முதலாளி ஏற்கும் சுமை

இம்முறையின் சட்ட அடிப்படை 1990இல் இயற்றப்பட்ட வெளிநாட்டு ஊழியர் வேலைநியமனச் சட்டம். அதன்கீழ் 2012இல் வந்த வேலை அனுமதி விதிமுறைகள் முதலாளியின் கடமைகளை விரிவாக அடுக்குகின்றன. தொழிலாளியின் பராமரிப்பும் மருத்துவச் செலவும் முதலாளியைச் சேர்ந்தவை. ஏற்கத்தக்க தங்குமிடம் தரப்பட வேண்டும். பெர்மிட் விண்ணப்பத்தில் அறிவித்த அடிப்படைச் சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்துபூர்வமான முன்சம்மதம் இல்லாமல் குறைக்கக் கூடாது; குறைத்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். 15,000 வெள்ளியாக இருந்த குறைந்தபட்ச மருத்துவக் காப்புறுதி வரம்பு 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளி ஆகியிருக்கிறது.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த இரண்டு கருவிகள் உள்ளன. முதலாவது சார்பு விகிதம். கட்டுமானத் துறையில் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு 7 பெர்மிட்காரர்கள் என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரியில் ஒருவருக்கு 5 பேர் எனக் குறைக்கப்பட்டது. இரண்டாவது லெவி. இந்தியா, வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வரும் கட்டுமானத் தொழிலாளிக்கு, உயர்திறன் பிரிவில் மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் பிரிவில் 900 வெள்ளி என்பது அதே மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணம். புதிதாக வரும் தொழிலாளி ஒருவர் மிகைநேர வேலை நீங்கலாகப் பெறும் அடிப்படைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும் தொகை இது.

லெவிக்கு அரசு சொல்லும் காரணம் தெளிவானது. வெளிநாட்டு உழைப்பு மலிவாகக் கிடைத்தால் நிறுவனங்கள் இயந்திரங்களில் முதலிட மாட்டா. உள்ளூர்க்காரர் கூலியும் தாழும். ஆகவே விலையை உயர்த்தி, தேவையைக் கட்டுக்குள் வைப்பது. திறன் உயர்ந்தவருக்கு லெவியைக் குறைப்பதன் மூலம், தேர்ந்த தொழிலாளியைத் தக்கவைத்துக்கொள்ள முதலாளிக்கு ஊக்கமும் கிடைக்கிறது. இந்தத் தர்க்கத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அது எப்படி விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் ஓர் ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவைத்தான் பார்க்கிறார். லெவி அரசு நிர்ணயித்தது, மாற்ற முடியாது. காப்புறுதியும் பிணையும் சட்டத்தால் வந்தவை. விடுதி வாடகையைச் சந்தை நிர்ணயிக்கிறது. துணை ஒப்பந்தத்துக்கு மேல் துணை ஒப்பந்தம் என்று இறங்கி வரும் வேலையில், கடைசிக் கண்ணியில் நிற்கும் சிறு நிறுவனத்துக்கு மிஞ்சும் லாபம் மெலிந்தது. இத்தனை உறுதியான செலவுகளுக்கு நடுவே வளைந்துகொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று: தொழிலாளியின் கூலி. சிங்கப்பூரில் அனைவருக்கும் பொதுவான சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. லெவியைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டப்படி குற்றம்தான். என்றாலும் தொடக்கத்திலேயே கூலியைக் குறைத்துப் பேசினால் அதைக் குற்றமென்று யாரும் சொல்ல முடியாது. அரசின் பொது வருவாயில் சேரும் லெவியின் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமல் தொழிலாளியே சுமக்கிறார் என்று கருத இடமிருக்கிறது.

சார்பு விகிதமும் இதே போன்ற பக்கவிளைவைத் தோற்றுவித்தது. வேலைக்கே வராத உள்ளூர்வாசிகளின் பெயரில் மத்திய சேமநிதிச் சந்தா செலுத்தி, அதைக் காட்டிக் கூடுதல் பெர்மிட் பெற்ற நிறுவனங்கள் மீது வழக்குகள் நடந்திருக்கின்றன. விதிகளை மதிக்கும் நிறுவனம் குறைந்த ஆட்களோடு திணறும்போது, ஏமாற்றும் நிறுவனம் குறைந்த விலைக்கு ஒப்பந்தப் புள்ளி தருகிறது. முதலாளிகள் எல்லோரும் ஒரே தரப்பு என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இது உணர்த்துகிறது. நேர்மையான முதலாளியின் முதல் போட்டியாளர் நேர்மையற்ற முதலாளிதான்.

3. பெர்மிட்டுக்கு முன் நடக்கும் வணிகம்

வேலைக்கு எடுக்கும் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வி, பிற்பாடு வரும் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர்க் கட்டுமானத் துறைக்குப் போகிறவர் அந்நாட்டுக் கட்டட, கட்டுமான ஆணையம் ஏற்கும் திறன் தேர்வில் தேற வேண்டும். இதற்கான பயிற்சி நிலையங்கள் தமிழ்நாட்டிலேயே இயங்குகின்றன. குழாய் வேலை, கம்பி கட்டுதல், ஓடு பதித்தல் என்று ஏதாவதொன்றில் ‘ஸ்கில் டெஸ்ட் அடித்து’விட்டுக் காத்திருப்பவர், அடுத்து ஏஜெண்ட் கையில் விழுகிறார். பயிற்சிக் கட்டணமும் ஏஜெண்ட் பணமும் சேர்ந்து லட்சக்கணக்கான ரூபாயாக ஏறும். நகை அடகு, நிலப் பத்திரம், வட்டிக் கடன் ஆகியவற்றிலிருந்துதான் அந்தப் பணம் வருகிறது.

சிங்கப்பூர்ச் சட்டம் இதைத் தடுக்க முயலாமல் இல்லை. உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு முகவை ஒன்று தொழிலாளியிடம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். வேலை தருவதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் பெற்றால் 30,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் இந்த உச்சவரம்பு சிங்கப்பூர் முகவைகளைத்தான் கட்டுப்படுத்தும். தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ கை மாறும் பணத்துக்கு ரசீது இருக்காது. இந்தியப் பக்கத்திலும் ஓட்டை உண்டு. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், குறைந்த கல்வித்தகுதி உள்ளவர்கள் வேலைக்குச் செல்ல அரசின் முன் அனுமதி பெற வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. அதனால் ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் சரிபார்க்கும் ஒரு வாய்ப்பு நழுவிப்போகிறது.

இதன் விளைவை முதலாளியின் பக்கமிருந்து பார்ப்போம். ஆள் எடுப்பதற்கான செலவைத் தொழிலாளியே கட்டிவிட்டதால், பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளை எடுப்பதால் முதலாளிக்குப் பண இழப்பு குறைவு. இடைத்தரகர் வழியே பணம் திரும்பி வரும் இடங்களில் ஆள் மாறுவதே ஒரு வருமானம். மறுபுறம், கடனோடு வந்திறங்கிய தொழிலாளி சம்பளம் தாமதமானாலும் வாய் திறக்கத் தயங்குகிறார். வேலை போனால் கடன் மட்டும் மிஞ்சும் என்பதை அவர் அறிவார். அவரை முதலாளியோடு பிணைப்பதில் பெர்மிட் பாதி வேலையைச் செய்கிறது என்றால், மீதிப் பாதியைக் கடன் செய்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் நிறைவேற்றிய 181ஆவது உடன்படிக்கையும், 2016இல் வெளியிட்ட நியாயமான ஆள்சேர்ப்புக் கோட்பாடுகளும், ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கலாகாது என்ற நிலைப்பாட்டை எடுத்துள்ளன. முதலாளியே செலவை ஏற்றால், ஒவ்வொரு புதிய ஆளும் அவருக்கு ஒரு முதலீடு ஆகிவிடுகிறார். முதலிட்டவர் எளிதில் கைவிட மாட்டார். தொழிலாளியை நன்றாக வைத்துக்கொள்வதற்கான காரணம் அறிவுரையிலிருந்து கணக்குக்கு இடம் மாறுகிறது.

4. தகராறு எழும் நாள்

பெர்மிட் குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் மட்டுமே செல்லும். அதை ரத்து செய்ய முதலாளி இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். ரத்தானதும் தொழிலாளி நாட்டில் தங்கும் உரிமை முடிவை நெருங்குகிறது. சம்பளப் பாக்கி, வேலையிட விபத்து, மிகைநேரக் கணக்கு என எந்தத் தகராறு எழுந்தாலும், எதிர்த்தரப்பில் நிற்பவர் கையில்தான் புகார் சொல்பவர் நாட்டில் இருப்பதற்கான சீட்டு இருக்கிறது.

தீர்வுக்கான அமைப்புகள் இருக்கின்றன. அவை அண்மைக் காலத்தில் மேம்பட்டும் இருக்கின்றன. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். 2017 ஏப்ரலில் வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றங்கள் செயல்படத் தொடங்கின. அங்கே 20,000 வெள்ளி வரையிலும், தொழிற்சங்கத்தின் வழியே சமரசத்துக்குப் போனவர்கள் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். அதே ஆண்டு சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் வழக்கில் முக்கியமான தீர்ப்பு வழங்கியது. அரசு பெர்மிட்டுக்கு முன் தரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தில், தொழிலாளர்கள் ‘ஐபிஏ’ என்றழைக்கும் அந்தத் தாளில், எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளமே முதல்நோக்கில் உண்மையான சம்பளமாகக் கொள்ளப்படும். அது அப்படியல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றது நீதிமன்றம். அரசிடம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுத் தொழிலாளிக்குக் குறைந்த தொகைக்குத் தனி ஒப்பந்தம் தரும் வழக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு வலுவான தடை.

ஆனால் நடுவர் மன்றத்துக்குப் போகிறவர் எப்படி வாழ்கிறார் என்ற கேள்வி எஞ்சுகிறது. பெர்மிட் ரத்தானபின், வழக்கு முடியும்வரை நாட்டில் தங்கச் சிறப்பு அனுமதிச் சீட்டு தரப்படும். அதை வைத்திருப்பவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. வேலை தேட அமைச்சு தனியே அனுமதித்தால்தான் உண்டு. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்க, இங்கே சம்பாத்தியமின்றிக் காத்திருப்பது ஒருவருக்கு எத்தனை வாரம் சாத்தியம்? கோரிய தொகையில் பாதியை வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது அவருக்கு அறிவார்ந்த முடிவாகவே தோன்றும். உரிமை சட்டப் புத்தகத்தில் முழுமையாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் விலைதான் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை.

அரசுப் பரிசோதகர்கள் இந்த இடைவெளியை நிரப்பிவிடுவார்கள் என எதிர்பார்ப்பதும் சரியல்ல. கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில்கள் ஆகியவற்றில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெர்மிட்காரர்கள் இருக்கிறார்கள். பரிசோதகருக்குத் தகவல் வர வேண்டிய முதல் இடம் தொழிலாளியின் வாய். அது மூடியிருந்தால், எத்தனை பரிசோதகர்களை நியமித்தாலும் அவர்கள் காண்பது முதலாளி காட்டும் பதிவேட்டைத்தான்.

5. தங்குமிடமும் 2020இன் பாடமும்

வேலை, தங்குமிடம், மருத்துவம், குடிநுழைவு நிலை ஆகிய நான்கும் ஒருவர் வழியாகவே வருவதன் அபாயத்தை, கோவிட் தொற்று பரவிய 2020 ஏப்ரல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அப்போது விடுதிகளில் ஏறக்குறைய 3,23,000 ஊழியர்கள் வசித்தனர். அடுக்குக் கட்டில்களும் பொதுச் சமையலறைகளும் பொதுக் கழிப்பறைகளும் கொண்ட அந்த விடுதிகளில் தொற்று வேகமாகப் பரவியது. பரிசோதனை முடிவுகளையும் எதிரணுப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசே அறிவித்தது. சிகிச்சை நல்ல முறையில் கிடைத்தது. இளவயதினர் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. ஆனால் நகரத்தின் மற்றவர்கள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகும், விடுதிவாசிகளின் நடமாட்டம் நீண்ட காலம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

1,000 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட விடுதிகளுக்கு உரிமம் கோரும் சட்டம் 2015லேயே இயற்றப்பட்டிருந்தது. ஆகவே விதி இல்லாததால் வந்த நெருக்கடி என்று இதைச் சொல்ல முடியாது. தங்குமிடம் முதலாளிக்குச் செலவு; படுக்கை ஒன்றுக்கு எவ்வளவு என்று பேரம்பேசி முடிக்கப்படும் பொருள். அங்கே வாழ்கிறவருக்கு அந்தப் பேரத்தில் இடமில்லை. பிடிக்கவில்லை என்றால் வேறிடம் தேடிப்போகும் ஆற்றலும் இல்லை. வாங்குபவரும் பயன்படுத்துபவரும் வேறுவேறாக இருக்கும் சந்தையில் தரம் தானாக உயராது.

நெருக்கடிக்குப் பின் வந்த மாற்றங்கள் பாராட்டத்தக்கவை. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தரத்தின்படி, புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம், 6 பேருக்கு ஒரு கழிப்பறை. 2023 ஏப்ரலில் விடுதிச் சட்டம் 7 படுக்கைகள் கொண்ட இடங்கள் வரை விரிவாக்கப்பட்டது. ஆயினும் இவை எல்லாமே மேலிருந்து வந்த தரக்கட்டுப்பாடுகள். மோசமான விடுதியில் ஆட்களை வைக்கும் நிறுவனத்தை விட்டுத் தொழிலாளி விலக முடியும் என்றிருந்தால், இவற்றில் சில மேம்பாடுகள் ஒரு பெருந்தொற்றுக்காகக் காத்திருந்திருக்க மாட்டா.

6. கனடாவிலிருந்து ஓர் ஒப்பீடு

இந்தக் குறை சிங்கப்பூரின் அரசியல் அமைப்புக்கு மட்டுமே உரியது என்று சிலர் கருதலாம். கனடாவின் அனுபவம் அப்படி எண்ண இடம்தரவில்லை. 1966இல் ஜமைக்காவிலிருந்து 264 பேரை ஒன்டாரியோப் பண்ணைகளுக்கு வரவழைத்துத் தொடங்கிய பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் இன்றும் தொடர்கிறது. பிற துறைகளில் வெளிநாட்டவரை எடுக்க விரும்பும் கனடிய முதலாளி, முதலில் தொழிலாளர் சந்தைத் தாக்க மதிப்பீடு ஒன்றைப் பெற வேண்டும். விளம்பரம் செய்தும் உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். வட்டாரத்தில் நிலவும் ஊதியத்தைத் தர வேண்டும். 2014 முதல் ஒவ்வொரு பணியிடத்துக்கும் 1,000 டாலர் கட்டணம். விதிமீறலுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் டாலர் வரையிலும், ஓராண்டில் மொத்தம் 10 லட்சம் டாலர் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

நுழைவாயிலில் சிங்கப்பூர் விலையைப் பயன்படுத்துகிறது. கனடா தேவைச் சோதனையைப் பயன்படுத்துகிறது. உள்ளே நுழைந்தபின் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கனடாவிலும் அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்குக் கட்டுப்பட்டது. தற்கால அடிமைத்தன வடிவங்கள் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் தொமொயா ஒபொகாட்டா 2023இல் கனடா சென்று ஆராய்ந்தபின், அத்தகைய வடிவங்கள் முளைத்து வளர இத்திட்டம் இடம்தருகிறது என்று கடுமையாகக் குறிப்பிட்டார். வலுவான நீதிமன்றங்களும் சுதந்திரமான தொழிற்சங்கங்களும் உள்ள நாட்டைப் பற்றிய கூற்று இது.

கனடா 2019 ஜூனில் ஒரு மாற்று வழியைத் திறந்தது. முதலாளியால் துன்புறுத்தப்படுபவர்கள், அல்லது அந்த அபாயத்தில் இருப்பவர்கள், எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பிணைப்பே சிக்கலின் வேர் என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ளலாம். ஆனால் துன்பம் நேர்ந்ததற்கான ஆதாரத்தைத் திரட்டிக் காட்ட வேண்டியவர் தொழிலாளிதான். நோய் முற்றிய பிறகே மருந்து என்ற நிபந்தனை அதன் பயனைப் பெரிதும் சுருக்கிவிடுகிறது.

7. எதிர்வாதங்கள்

முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்ற கோரிக்கைக்கு எதிராக மூன்று வாதங்கள் வைக்கப்படுகின்றன. மூன்றையும் மதித்துப் பரிசீலிக்க வேண்டும்.

முதல் வாதம், முதலீடு பற்றியது. ஆளைத் தேடிக் கொண்டுவந்து பயிற்சி தந்த முதலாளியிடமிருந்து, பக்கத்து நிறுவனம் சற்றுக் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? சிறு ஒப்பந்தக்காரரைப் பொறுத்தவரை இது உண்மையான அச்சம். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. செலவில் பெரும்பகுதியை இன்று தொழிலாளியே ஏற்றிருக்கும்போது, முதலீட்டைக் காரணம் காட்டி அவரைக் கட்டிவைப்பதில் நியாயமில்லை. முதலாளி உண்மையிலேயே செலவிட்டிருந்தால், ரசீதுள்ள அந்தச் செலவில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைப் புதிய முதலாளி பழைய முதலாளிக்குத் தரலாம். தொழிலாளியின் தலையில் அது விழக் கூடாது என்பது மட்டும் உறுதியாக வேண்டும்.

இரண்டாவது வாதம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு பற்றியது. நடமாட்டம் சுதந்திரமானால் வெளிநாட்டு ஊழியர் தொகை கைமீறிவிடும் என்பது. ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துபவை லெவியும் சார்பு விகிதமும். ஒரு கட்டுமான நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒருவர் மாறும்போது, புதிய முதலாளி தன் ஒதுக்கீட்டுக்குள்தான் அவரை எடுக்கிறார். லெவியும் பிணையும் அவர் பொறுப்பாகின்றன. நாட்டிலுள்ள மொத்தத் தொகையில் ஒருவர்கூடக் கூடுவதில்லை. கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிவதற்கு 40 முதல் 21 நாள் வரை முன்னதாக, பழைய முதலாளியின் சம்மதமின்றியே புதியவர் விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே நடப்பில் உள்ளது. அதனால் துறை நிலைகுலைந்துவிடவில்லை. கதவு ஏற்கெனவே சற்றுத் திறந்திருக்கிறது என்பதே பொருள்.

மூன்றாவது, ஊழியர்கள் அடிக்கடி மாறுவார்கள், உற்பத்தித் திறன் சரியும் என்ற வாதம். இதற்கு அனுபவச் சான்று உள்ளது. ஐக்கிய அரபு அமீரகம் 2011 ஜனவரியில், ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி முதலாளியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம் என்று விதியை மாற்றியது. சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகிய பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்களின் வருமானம் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அதே நிறுவனத்தில் தொடர்ந்தவர்களின் விகிதமும் கூடியது. நாட்டைவிட்டுத் திரும்பிப் போவோர் குறைந்ததே காரணம். விலகும் உரிமை வந்ததும் முதலாளிகள் கூலியை உயர்த்தித் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. புதிதாக ஆள் எடுக்கும் தேவை குறைந்தது. புதிதாக வருபவர்களின் வருமானமும் சற்றுத் தாழ்ந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து புறப்படக் காத்திருக்கும் ஒருவரின் வாய்ப்பை, அங்கே இருப்பவரின் உரிமை ஓரளவு குறைக்கக்கூடும். எனினும் ஆண்டுதோறும் புதிய ஆட்கள் கடன்பட்டு வருவதும் பழையவர்கள் அனுப்பப்படுவதுமான சுழற்சியைவிட, குறைவானவர்கள் நிலையாக இருந்து கூடுதலாகச் சம்பாதிப்பது அனுப்பும் குடும்பங்களுக்கும் உகந்தது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஏஜெண்ட் கட்டணத்தால் கொழிப்பது அந்தச் சுழற்சிதான்.

8. முடிவுரை

முதலாளியோடு பிணைப்பதற்கு அடிப்படையாகச் சொல்லப்பட்டு வந்தது, இவர்கள் சில காலம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் என்பதே. அந்த அடிப்படையும் இப்போது மாறிவிட்டது. துறையையும் திறனையும் பொறுத்து 14 முதல் 26 ஆண்டுகள் வரை என்றிருந்த வேலைக் கால வரம்பை சிங்கப்பூர் 2025 ஜூலையில் நீக்கியது. வயது வரம்பையும் 63ஆக உயர்த்தியது. இனி ஒருவர் இருபது வயதில் வந்து அறுபது கடந்தும், இரண்டிரண்டு ஆண்டுப் பெர்மிட்டுகளில், அங்கேயே உழைக்கலாம். ஒருவரின் உழைப்பு வாழ்வு முழுவதையும் ஏற்றுக்கொள்ளும் நாடு, அவரை ஒவ்வொரு மாதமும் ஒரு முதலாளியின் விருப்பத்தில் நிறுத்திவைப்பதற்கு இனியும் காரணம் சொல்ல முடியாது.

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன. ஒன்று: ஓராண்டுப் பணிக்குப்பின், முறையான முன்னறிவிப்போடு, அதே துறைக்குள் முதலாளியின் சம்மதமின்றி மாற உரிமை வேண்டும். இரண்டு: சம்பளமோ விபத்தோ பற்றிய கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை, பெர்மிட் ரத்தானாலும் தொழிலாளி வேறிடத்தில் வேலை செய்ய இயல்பாகவே அனுமதி கிடைக்க வேண்டும், அதைச் சலுகையாக வேண்டிப் பெறும் நிலை கூடாது. மூன்று: ஆள்சேர்ப்புச் செலவு முழுவதும் முதலாளியுடையது என்று சட்டமாக்கி, அதற்கான ரசீதுகளைக் கொள்கையளவு ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கும்போதே கோர வேண்டும். நான்கு: பறிமுதலாகும் பிணைத் தொகையிலிருந்தும் லெவி வருவாயின் ஒரு பங்கிலிருந்தும், கைவிடப்பட்ட தொழிலாளர்களின் சம்பளப் பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும். தொழிலாளியை முன்னிட்டு வசூலான பணம் அவருடைய பாக்கிக்குப் பயன்படுவதே முறை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1978இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், சிங்கப்பூர்க் கட்டுமான முதலாளிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்து, முதலாளி செலவேற்கும் ஆள்சேர்ப்பு வழியைப் பெரிய அளவில் நடத்திக் காட்டலாம். திறன் தேர்வுப் பயிற்சி நிலையங்களின் கட்டணத்தை ஒழுங்குபடுத்துவதும் இங்கிருந்தே செய்யக்கூடியது.

இந்த மாற்றங்களால் முதலாளி அதிகாரத்தில் ஒரு பகுதியை இழப்பார் என்பது உண்மை. கூடவே, தன்னைவிடக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்கும் நேர்மையற்ற போட்டியாளரிடமிருந்து அவர் விடுபடுவார். சம்பளத்தை நாள் தவறாமல் தருபவரிடமும் நல்ல தங்குமிடம் தருபவரிடமும் ஆட்கள் சேர்வார்கள், தராதவரிடமிருந்து விலகுவார்கள். இன்று பரிசோதகர்களும் நடுவர் மன்றங்களும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து போராடியும் எட்ட முடியாத ஒழுங்கு, அந்த விலகும் உரிமையிலிருந்து அன்றாடம் பிறக்கும். பாதுகாக்கும் கடமை முதலாளியிடமே இருக்கட்டும். தொழிலாளி அந்த நாட்டில் இருப்பதா போவதா என்ற முடிவு மட்டும் அவர் கையிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.